ஊர்ப் பெயரும் நம் தொழிலும்: பழவேற்காட்டுத் துணி முதல் செல்போன் லொகேஷன் வரை



சிறப்பு மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதணும்னு கூட்டத்தில் முடிவானபோது, எனக்குக் கொடுத்த தலைப்பு "செல்போனில் லொகேஷன் போட்டு வியாபாரம்". எந்த பட்டனை அழுத்தணும்னு சொல்ல நம்ம வீட்டுப் பிள்ளைகளே போதும், ஐந்து நிமிஷத்தில் காட்டிடுவாங்க. அதனால் இந்த லொகேஷன் எங்கிருந்து வந்தது, அது வருவதற்கு முன்னால் நம்ம பக்கத்து ஜனங்க ஊர்ப் பெயரை வச்சு எப்படி வியாபாரம் பண்ணாங்க, அந்தப் பெயர் எப்படிக் கைமாறிப் போச்சு என்பதை எழுதலாம்னு நினைச்சேன். நான் பத்தாவது வரை படிச்ச குடும்பப் பெண். பெரியவங்க சொன்னதையும், படிச்சதையும், எங்கள் குழுவில் நடந்ததையும் சேர்த்து எனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதியிருக்கேன்.

லொகேஷன் போடுறதுன்னா என்னன்னு தெரியாத அக்காமார்களுக்கு ஒரு வரி. நம்ம பொருளை போட்டோ எடுத்து பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ போடும்போது, "இது ஆரம்பாக்கத்தில் கிடைக்கும்" என்று இடத்தின் பெயரையும் அதோடு ஒட்டி விடுவது. அந்தப் பெயரைத் தொட்டால் மேப் திறக்கும், அந்த ஊரைப் பற்றி மற்றவங்க போட்ட படமும் வரும். அந்த ஊரில் என்ன கிடைக்கும்னு தேடுறவங்க கண்ணுக்கு நம்ம பொருளும் படும். அவ்வளவுதான் விஷயம்.

ஊர்ப் பெயர்தான் முதல் விளம்பரம்

இது புது விஷயமே இல்லை. பத்தமடை பாய், மணப்பாறை முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, திண்டுக்கல் பூட்டு, திருநெல்வேலி அல்வா என்று நாம் சொல்லும்போது கடைக்காரர் பெயரையா சொல்றோம்? ஊர்ப் பெயரைத்தான் சொல்றோம். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் பொருள் நல்லாயிருக்கும்னு நம்பிக்கை வருது. அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க ரெண்டு மூணு தலைமுறை உழைச்சிருக்காங்க.

இதற்கு உதாரணம் தேடித் தூரமா போக வேண்டாம். நம்ம ஏரிக்கரையிலேயே இருக்கிற பழவேற்காடு போதும். டச்சுக்காரர்கள் அங்கே 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690-இல் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரைக்கும், சோழமண்டலக் கரையில் அவங்க வியாபாரத்துக்குப் பழவேற்காடுதான் தலைமை. அவங்க வந்தது முக்கியமா துணிக்காக. இந்தப் பக்கத்து நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட, சாயம் தோய்ச்ச துணிகள் கப்பல் ஏறி இப்போதைய இந்தோனேசியத் தீவுகள் வரைக்கும் போச்சு. அங்கே துணியைக் கொடுத்து மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்கினாங்க. பழவேற்காட்டில் இருக்கிற டச்சுக் கல்லறைகளைப் பார்த்த சகோதரிகள் நிறைய பேர் இருப்பீங்க. அந்தக் கல்லுக்குப் பின்னால் இருக்கிறது நம்ம ஊர்த் துணியின் கதை.

இந்த ஊரின் இங்கிலீஷ் பெயர் புலிகாட். அந்தப் பெயரே துணிக்கும் பெயராச்சு. வண்ணக் கட்டம் போட்ட கைக்குட்டைக்கு "புல்லிகேட்" என்று இங்கிலீஷில் ஒரு சொல்லே உண்டாகி அகராதியிலும் ஏறிடுச்சு. இதைக் கேட்க நமக்குப் பெருமையாத்தான் இருக்கும். ஆனால் அடுத்து நடந்ததையும் தெரிஞ்சுக்கணும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்து நெசவாளர்கள் அதே மாதிரி கைக்குட்டையை அங்கேயே நெய்ய ஆரம்பிச்சாங்க. அதையும் "புல்லிகேட்" என்ற பெயரிலேயே விற்றாங்க. பெயர் நம்ம ஏரிக்கரை ஊருடையது, காசு கிளாஸ்கோவுக்கு. இங்கே தறியில் உட்கார்ந்திருந்தவங்களுக்கு அந்தப் பெயரால் காலணா வரலை. அது எங்க ஊர்ப் பெயர், நீங்க போடக்கூடாதுன்னு கேட்க அப்போ சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை.

இந்த ஒரு விஷயத்தை மனசில் வச்சுக்கிட்டு மீதியைப் படிங்க. ஊர்ப் பெயர் ஒரு சொத்து. அது யார் கையில் இருக்கோ அவங்களுக்குத்தான் வருமானம்.

பெயருக்குச் சட்டம் வந்தது

அந்தச் சட்டம் நம்ம நாட்டுக்கு வர ரொம்ப காலமாச்சு. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறி, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துச்சு. இதைப் பதிவு செய்கிற ஆபீஸ் நாட்டுக்கே ஒண்ணுதான், அது நம்ம சென்னையில் கிண்டியில் இருக்குது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. பிறகு காஞ்சிபுரம் பட்டு, மதுரை மல்லி என்று வரிசையா வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் கிடைச்சுது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. தனி ஒரு கடைக்காரர் போய் "இந்த ஊர்ப் பெயர் எனக்கு மட்டும்"னு வாங்கிக்க முடியாது. அந்த ஊரில் பொருள் செய்கிறவங்க சங்கமாச் சேர்ந்து கேட்கலாம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்துதான் வாங்கினாங்க. ஊர்ப் பெயர் கூட்டுச் சொத்து என்பதைச் சட்டமே ஒத்துக்கிட்டிருக்கு. கூட்டா நிற்பது நம்ம குழுப் பெண்களுக்குப் பழகின வேலைதானே.

மஞ்சள் போர்டு, பின்கோடு, ராக்கெட்

பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்த ஊர் எங்கே இருக்குன்னு வெளியாளுக்குத் தெரியணும். நமக்குத் தெரிஞ்ச பழைய லொகேஷன் குறி எதுன்னா, ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் போர்டு. தமிழ், இந்தி, இங்கிலீஷ் என்று ஊர்ப் பெயரும், கீழே கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற கணக்கும் இருக்கும். கூடூர் போகிற பாதையில் கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டி நம்ம ஆரம்பாக்கம்தான் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன். அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா.

அடுத்து வந்தது பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-இல் இதை அறிமுகம் செய்தாங்க. இதை வடிவமைத்தவர் தபால் துறையில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். நாட்டில் ஒரே பெயரில் பல ஊர், ஒரே ஊரைப் பல விதமா எழுதுறது, பல மொழியில் முகவரி, இதனால் கடிதம் வழி தவறிப் போகுதுன்னுதான் ஆறு எண் கொடுத்தாங்க. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். கும்மிடிப்பூண்டிக்கு 601201. பெயர் குழப்பினாலும் எண் குழப்பாது.

மூன்றாவது, வானத்திலிருந்து இடம் காட்டுறது. அமெரிக்காவின் ஜிபிஎஸ் முதலில் அவங்க ராணுவத்துக்காகச் செய்தது. பொதுமக்களுக்கு வரும் சிக்னலை வேணும்னே கொஞ்சம் பிசகலா அனுப்பிக்கிட்டிருந்தாங்க. அதனால் நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். நூறு மீட்டர்னா நம்ம கடைக்குப் பதிலா அடுத்த தெரு. 2000 மே மாசம் அந்தப் பிசகலை நிறுத்தினாங்க. அதுக்கப்புறம்தான் ஒரு கடையின் வாசலையே காட்டுகிற அளவுக்குத் துல்லியம் வந்துச்சு.

நம்ம நாடும் சொந்தமா செய்தது. அது கிளம்பினது எங்கிருந்து தெரியுமா? ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. இடம் காட்டும் முதல் இந்தியச் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1-ஆம் தேதி ராத்திரி 11 மணி 41 நிமிஷத்துக்குப் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போச்சு. ஏழாவது 2016 ஏப்ரல் 28-இல் போனதும், இந்த ஏற்பாட்டுக்கு நாவிக் என்று பெயர் வச்சாங்க. நாவிக் என்றால் இந்தியில் படகோட்டி. ராக்கெட் கிளம்பினா நாம் எல்லாம் மாடியில் நின்னு பார்க்கிறவங்க. மேலே போனதில் சிலது, நம்ம கருவாட்டுக் கடைக்கும் வழி காட்டத்தான் போச்சுன்னு இப்போ நினைச்சா வேடிக்கையா இருக்கு.

"நான் இங்கே இருக்கேன்"

இடம் தெரிஞ்சாச்சு. அதை வியாபாரத்துக்கு ஆக்கினது எப்போ? 2009 மார்ச்சில் அமெரிக்காவில் ஃபோர்ஸ்கொயர் என்ற ஆப் வந்துச்சு. ஆரம்பிச்சவங்க ரெண்டு பேர். ஒருவர் டென்னிஸ் குரோலி, இன்னொருவர் நவீன் செல்வதுரை. பெயரைப் பார்த்தாலே தெரியுது, நம்ம தமிழ்ப் பெயர். ஒரு கடைக்குப் போனதும் "நான் இங்கே இருக்கேன்"னு போனில் அழுத்தணும். ஒரு கடைக்கு அதிக நாள் வந்தவரை அந்தக் கடைக்கு "மேயர்"னு ஆப் அறிவிச்சுச்சு. கடைக்காரங்க மேயருக்கு விலை குறைச்சுக் கொடுத்தாங்க. 2010-இல் ஸ்டார்பக்ஸ் காபிக் கடையே மேயர்களுக்கு ஒரு டாலர் தள்ளுபடி கொடுத்துச்சு. வாடிக்கைக்காரருக்குக் கொசுறு போடுற நம்ம காய்கறிக் கடை அக்கா செய்யுறதும் அதேதான்.

அதே 2010 ஆகஸ்டில் பேஸ்புக்கும் இடம் குறிக்கிற வசதியைக் கொண்டு வந்துச்சு. அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்துச்சு. கூகுள் மேப் 2005-இலேயே வந்திருந்தாலும், சின்னக் கடைக்காரங்க தங்கள் கடையைத் தாங்களே பதிஞ்சு, நேரம், போன் நம்பர், போட்டோ எல்லாம் போடுற வசதி 2014-இல் ஒரே இடத்தில் அமைஞ்சுது. இதுக்குக் காசு கிடையாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து நெட் விலை குறைஞ்ச பிறகுதான் இதெல்லாம் நம்ம மாதிரி வீடுகளுக்கு எட்டுச்சு. 2018-இல் வியாபாரத்துக்குன்னே தனி வாட்ஸ்அப் வந்துச்சு. அமெரிக்காவில் ஆரம்பிச்சு ஆரம்பாக்கத்துக்கு வர ஏழெட்டு வருஷம் ஆச்சு. அந்தக் காலத்தில் பழவேற்காட்டுத் துணி கிளாஸ்கோ போனதைவிட இது வேகம்தான்!

நம்ம குழுக்களும் சந்தையும்

நம்ம பக்கத்தையும் பார்ப்போம். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கினது. 1997-98-இல் மகளிர் திட்டம் என்று விரிவாச்சு. நம்ம திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததும் 1997-தான். முதலில் சேமிப்பு, பிறகு உள்கடன், பிறகு வங்கிக் கடன், பிறகு தொழில். தொழில் வந்ததும் எல்லாக் குழுவுக்கும் ஒரே கேள்வி: செஞ்ச பொருளை எங்கே விற்கிறது? கண்காட்சியில் ஸ்டால் போட்டால் மூணு நாள் விற்கும். நாலாவது நாள் மீதி மூட்டையோடு பஸ் ஏறி வரணும்.

எங்கள் குழு இறால் ஊறுகாயும் நெத்திலிக் கருவாடும் செய்யுது. ஹைவே ஓரம் சின்னதா ஒரு கடை. சென்னையிலிருந்து நெல்லூர், விஜயவாடா, கல்கத்தா வரைக்கும் போகிற ரோடு அது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் வண்டி போகுது, ஆனால் நிற்கிறது எத்தனை? வேகமா போறவங்க கண்ணுக்குக் கடை தெரியாது. வண்டி கிளம்புறதுக்கு முன்னாலேயே அவங்க போனில் நாம் தெரியணும். அதுக்காகத்தான் போட்டோவோடு லொகேஷன் போட ஆரம்பிச்சோம்.

போட்ட பிறகு ஒரு பிரச்சினை வந்துச்சு. ஊறுகாய் வாங்கக் கிளம்பின ஒரு குடும்பம் போன் பண்ணி, "அரும்பாக்கம் வந்துட்டோம், கடை எங்கம்மா?"ன்னு கேட்டாங்க. சென்னை கோயம்பேடு பக்கத்து அரும்பாக்கம்! இங்கிலீஷில் எழுதினா ரெண்டு ஊருக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். மூணாவது எழுத்து ஏவா, யுவா என்பதுதான். டைப் அடிக்கும்போது பெரிய ஊர் முதலில் வந்து நிற்குது. நம்ம பெயரிலேயே வேறு ஊரும் உண்டு. அந்தக் குடும்பம் அன்னைக்கு வரவே இல்லை. இது சின்ன விஷயம் இல்லை சகோதரிகளே. பின்கோடு எதுக்கு வந்துச்சோ அதே குழப்பம் மறுபடி போனில் வந்து நிற்குது.

குழுக் கூட்டத்தில் பேசி மூணு முடிவு எடுத்தோம். ஒண்ணு, ஊர்ப் பெயரைத் தனியா எழுதாமல் "ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி வட்டம்" என்று பின்கோடோடு சேர்த்தே எழுதுவது. ரெண்டு, எல்லா உறுப்பினரும் ஒரே ஸ்பெல்லிங்கில் எழுதுவது. மூணு, பக்கத்தில் ஆந்திரா என்பதால் தெலுங்கிலும் ஒரு வரி போடுவது. அதுக்குத் தெலுங்கு தெரிஞ்ச உறுப்பினர்களே உதவினாங்க. அதுக்கப்புறம் சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை ஆளுங்க மேப்பைப் பார்த்துக்கிட்டே கடை வாசலில் வந்து நிற்கிறாங்க. ஒரேயடியா கோடி வந்துடலை. ஆனால் கண்காட்சி இல்லாத மாசத்திலும் விற்பனை நிற்கலை.

வீடு வேறு, கடை வேறு

இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லணும். நம்மில் பாதிப் பேருக்கு வீடுதான் கடை. அடுப்பங்கரையில் செஞ்சு, திண்ணையில் வச்சு விற்கிறோம். எங்கள் குழுவில் ஒரு அக்கா வீட்டிலேயே பொருள் செய்கிறவங்க. அவங்க போட்டோவில் வீட்டு லொகேஷன் அப்படியே போச்சு. கணவர் வெளியூர் வேலை, அவங்களும் ரெண்டு பெண் பிள்ளைகளும் மட்டும் வீட்டில். ராத்திரி பத்து மணிக்கு யாரோ ரெண்டு பேர் ஊறுகாய் வேணும்னு கதவைத் தட்டியிருக்காங்க. உண்மையிலேயே ஊறுகாய்க்குத்தான் வந்தாங்களோ என்னவோ. அந்த அக்கா மறுநாள் வந்து, "எனக்கு இந்த வியாபாரமே வேண்டாம்"னு சொல்லி அழுதுட்டாங்க.

கூட்டத்தில் சிலர் "லொகேஷனே வேண்டாம், எடுத்துடலாம்"னாங்க. சிலர் "எடுத்தா யார் வாங்குவா, கடன் தவணை எப்படிக் கட்டுறது"ன்னாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சு. கடைசியில், எந்த உறுப்பினர் வீட்டையும் காட்டக் கூடாது, எல்லாப் பொருளுக்கும் ரோட்டோரக் கடையைத்தான் லொகேஷனாப் போடணும்னு முடிவாச்சு. கூகுளில் பதியும்போது முகவரியை மறைச்சுட்டு, எந்தப் பகுதிக்குப் பொருள் தருவோம் என்பதை மட்டும் காட்டுகிற வசதியும் இருக்கு. வீட்டிலிருந்தே தொழில் செய்கிற சகோதரிகள் அதைப் பயன்படுத்தலாம். அந்த அக்கா இப்போ மறுபடி ஊறுகாய் போடுறாங்க.

இடத்தைக் காட்டுறதில் யோசனை வேணும் என்பது நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜாக்சன் ஹோல் என்ற மலைப் பகுதியில், போட்டோவைப் பார்த்துக் கூட்டம் கூடி, காட்டு இடங்கள் கெட்டுப் போகுதுன்னு 2018-இல் சுற்றுலாத் துறைக்காரங்களே "சரியான இடத்தைக் குறிக்காதீங்க, பொதுவா ஊர்ப் பெயரை மட்டும் போடுங்க"ன்னு கேட்டுக்கிட்டாங்க. சுற்றுலா வேணும்னு விளம்பரம் பண்றவங்களே அப்படிச் சொல்லியிருக்காங்க.

சாவி யார் கையில்?

கடைசியா, பழவேற்காட்டுக் கைக்குட்டையை மறுபடி நினைச்சுப் பாருங்க. பெயரைச் சம்பாதிச்சது நெசவாளர், சாவி அவங்க கையில் இல்லை. இன்னைக்கும் அது நடக்கலாம். மேப்பில் குழுவின் கடையைப் பதியுறது யார்? பெரும்பாலும் ஒரு உறுப்பினரின் மகனோ, அண்ணன் பையனோ, அவன் போனில், அவன் ஈமெயிலில். பையன் நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் நாளைக்கு வேலைக்கு வெளியூர் போயிடுவான், போன் மாத்திடுவான், பாஸ்வேர்டு மறந்துடுவான். அப்புறம் நம்ம கடையின் பெயரையும், நேரத்தையும், போன் நம்பரையும் நாமே மாத்த முடியாது. வாடிக்கையாளர் எழுதின நல்ல வார்த்தைக்கு நன்றிகூடச் சொல்ல முடியாது.

வங்கிக் கணக்கில் நாம் ஒருத்தர் கையெழுத்தை மட்டும் விடுறோமா? ஊக்குநரும் பிரதிநிதிகளும் சேர்ந்துதானே கையெழுத்துப் போடுறோம். எவ்வளவு எடுத்தோம்னு தீர்மான நோட்டில் எழுதுறோம். மேப்பில் இருக்கிற கடைக்கும் அதே முறை வேணும். குழுவின் பெயரில் ஒரு ஈமெயில், குறைஞ்சது ரெண்டு பேர் நிர்வாகி, பொறுப்பு மாறும்போது பாஸ்வேர்டும் மாறணும், அதையும் தீர்மான நோட்டில் பதியணும். கூட்டமைப்பு எல்லாக் குழுவுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தால், ஆரம்பாக்கம் பெயரைத் தேடுறவங்களுக்கு நம்ம பெண்கள் செய்த பொருள் எல்லாம் ஒரே வரிசையில் தெரியும். பெயர் எடுத்த பிறகு, நாளைக்கு ஒரு பொருளுக்குப் புவிசார் குறியீடு கேட்கிற தைரியமும் வரும்.

நிலத்துக்குப் பட்டா வாங்க நாம் எத்தனை முறை தாலுகா ஆபீஸுக்கு நடந்திருப்போம்! ஊர்ப் பெயருக்கு அவ்வளவு நடக்க வேண்டாம், அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் போதும். இதைப் படிக்கிற ஒவ்வொரு குழுவும், உங்கள் கடை மேப்பில் இருக்கா, சரியான ஊரில் இருக்கா, சாவி யார் கையில் இருக்குன்னு அந்தக் கூட்டத்திலேயே ஒரு முறை பார்த்துடுங்க.